சுஷி: கடையில் சாப்பிடுவதும் வீட்டில் செய்வதும் – முழுமையான வழிகாட்டி

சுஷி என்றதும் பச்சை மீன்தான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் சுஷிக்கு உயிர் அதன் சோறு. வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்து பதப்படுத்திய ஜப்பானிய அரிசிச் சோறு இருந்தால்தான் அது சுஷி. அதனுடன் சேர்வது மீனாக இருக்கலாம், முட்டையாகவோ வெள்ளரிக்காயாகவோ இருக்கலாம். சோறு இல்லாமல் பச்சை மீனை மட்டும் சீவி வைத்தால் அது சஷிமி. இதைப் புரிந்துகொண்டால் இரண்டு பயங்கள் தீரும். பச்சை மீன் தொடாமலேயே நல்ல சுஷி சாப்பிடலாம். வீட்டில் செய்யும்போதும் மீனைத் தேடி அலைவதற்கு முன் சோற்றைச் சரியாக வடிக்கக் கற்றால் போதும்.

இன்று உலகம் அறிந்த நிகிரி சுஷி, அதாவது கைப்பிடிச் சோற்றின் மேல் ஒரு துண்டு மீன், 1820களில் எடோவில் (இன்றைய டோக்கியோ) பரவியது. ஹனயா யோஹெய் என்ற கடைக்காரரின் பெயரை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். தெருக்கடையில் நின்றபடி கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போகிற சாப்பாடு அது. அதற்கு முந்தைய சுஷி வேறு வகை: உப்பிட்ட மீனைச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவைப்பார்கள். பிவா ஏரிப் பகுதியில் ஃபுனாசுஷி என்ற பெயரில் அது இன்றும் கிடைக்கிறது. மணம் கடுமையானது, முதல் முறை போகிறவர்களுக்கு வேண்டாம்.

எந்தக் கடைக்குப் போவது

முதல் முறை என்றால் கைடென்சுஷி கடையே நல்லது. தட்டுகள் பட்டையில் சுற்றிவரும் கடை இது. பீர் ஆலையில் பாட்டில்கள் நகர்வதைப் பார்த்து, ஷிராய்ஷி யோஷியாக்கி என்பவர் 1958இல் ஒசாகாவுக்குப் பக்கத்தில் முதல் கடையைத் திறந்தார். படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், விலை முன்பே தெரியும், பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒரு தட்டோடு போகும். பெரும்பாலும் ஒரு தட்டில் இரண்டு துண்டு இருக்கும். பல கடைகளில் தட்டின் நிறமே விலை; சாப்பிட்டு முடித்ததும் அடுக்கை எண்ணிக் கணக்குப் போடுவார்கள். மேசையில் தொடுதிரை இருந்தால் அதில் கேட்டு வாங்குங்கள். சுற்றிக்கொண்டே இருக்கும் தட்டில் மீனின் மேற்புறம் காய்ந்திருக்கும், சோறும் இறுகியிருக்கும்.

மேசையோரம் கறுப்புப் பொத்தானோடு ஒரு சிறு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். கை கழுவ என்று நினைத்து விரலை நீட்டிவிடாதீர்கள். அதில் வருவது கொதிக்கும் வெந்நீர். பக்கத்து டப்பாவில் உள்ள பச்சைத் தேயிலைத் தூளைக் கோப்பையில் ஒரு சிட்டிகை போட்டு, கோப்பையால் அந்தப் பொத்தானை அழுத்தினால் தேநீர் தயார். கை துடைக்க ஓஷிபோரி என்ற ஈரத்துணி தனியாக வரும்.

சமையல்காரர் எதிரே அமர்ந்து, அவர் தருவதையெல்லாம் வரிசையாகச் சாப்பிடும் முறை ஒமகசே. விலை அதிகம், முன்பதிவு வேண்டும், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பல கடைகள் பணம் பிடித்துக்கொள்ளும். ஒவ்வாமை எதுவும் இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். அங்கே போய் உட்கார்ந்து சொன்னால், அன்றைய மீனை வாங்கி வெட்டிவைத்திருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. இசகயா வகைக் கடைகளில் (மதுவோடு சாப்பாடும் தருபவை) நீங்கள் கேட்காமலே ஒரு சிறு கிண்ணம் வரும்; அது ஓதோஷி, இருக்கைக் கட்டணம் போல ரசீதில் சேரும். ஜப்பானில் டிப்ஸ் கிடையாது. மேசையில் பணம் விட்டுப் போனால் மறந்து விட்டீர்கள் என்று பின்னாலேயே எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள்.

எதில் தொடங்குவது

புதியவர்களைத் தடுப்பது பச்சை மீனின் சுவையைவிட அதன் வழுவழுப்புதான். ஆகவே வெந்ததிலிருந்து தொடங்குங்கள். தமாகோ (இனிப்பான முட்டை அடுக்கு), எபி (வேகவைத்த இறால்), உனகி அல்லது அனகோ (சுட்டோ வேகவைத்தோ இனிப்புச் சாறு பூசிய விலாங்கு), மயோனைஸ் கலந்த டின் சூரை. இவை பழகியபின் பச்சைக்கு வரும்போது முதலில் அகமி, அதாவது சூரையின் சிவந்த சதை. மீன் வாடை மிகக் குறைவு. அடுத்து சால்மன், ஹொததே என்ற சிப்பிச் சதை, ஹமாச்சி என்ற கொழுப்பு மீன். உப்பும் வினிகரும் ஏற்றிய சபா (கானாங்கெளுத்தி இனம்), கடல் முள்ளெலியின் ஊனி, பச்சைக் கணவாய் எல்லாம் பிறகு. ஊனியை மலிவான கடையில் முதல் முறை சாப்பிட்டு வெறுத்தவர்கள் பலர். அது புத்தம் புதிதாக இல்லாவிட்டால் கசக்கும். நல்ல கடையில் சாப்பிடுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.

ஒரே வேளையில் பல வகை சாப்பிடும்போது வரிசைக்கும் காரணம் உண்டு. வெள்ளைச் சதை மீனில் தொடங்கி, சிவந்த சதை, கொழுப்பு மிகுந்த தோரோ (சூரையின் வயிற்றுச் சதை), கடைசியில் இனிப்புச் சாறு பூசிய விலாங்கு, முட்டை, சுருள் என்று போனால் ஒவ்வொன்றும் தன் சுவையோடு தெரியும். முதலிலேயே தோரோவை வாயில் போட்டால் அந்தக் கொழுப்பு நாக்கில் படிந்து, அடுத்து வரும் மென்மையான மீன் சப்பென்று இருக்கும். இடையிடையே காரி என்ற ஊறவைத்த இஞ்சியை ஒரு துண்டு மென்றால் வாய் சுத்தமாகும். அது தொட்டுக்கொள்ள அல்ல. சுஷியின் மேல் வைத்துச் சாப்பிட்டால் மீனின் சுவை போய்விடும்.

வாய்க்குப் போகும் வழி

கையால் சாப்பிடலாம், தயங்கவே வேண்டாம். சாப்ஸ்டிக்கில் எடுப்பதானால் நிகிரியை முதலில் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவையுங்கள். ஒரு குச்சி மீனையும் மறு குச்சி சோற்றையும் தொடும்படி பிடித்து, மீனின் நுனியை மட்டும் சோயா சாஸில் தொடுங்கள். சோற்றுப் பக்கத்தை நனைத்தால் இரண்டு கேடு: சோறு சாஸை உறிஞ்சி உப்பு ஏறிவிடும், பிடியும் அவிழ்ந்து கிண்ணத்திலேயே உதிர்ந்துவிடும். நல்ல கடையில் சோற்றை இறுக்கிப் பிடிக்க மாட்டார்கள், ஆகவே இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மீன் முட்டையோ ஊனியோ நோரி என்ற கடற்பாசித் தாளின் சுவருக்குள் நிரம்பியிருக்கும் குன்கன் வகையைச் சாய்க்க முடியாது. ஒரு இஞ்சித் துண்டைச் சாஸில் தொட்டு, அதை வைத்து மேலே தடவுங்கள். கவுன்டரில் சமையல்காரரே சாஸ் பூசித் தந்தால் மறுபடி தொடாதீர்கள்.

ஒரே வாயில் போடுங்கள். பெரிதாக இருந்தால் சோற்றைக் குறைத்துத் தரச் சொல்லலாம், அதில் தவறில்லை. வைத்தவுடனே சாப்பிடுங்கள். சோறு உடல் சூட்டில் இருக்கும்போதுதான் சுவை; நோரியும் ஒரு சில நிமிடத்தில் நமுத்துவிடும்.

வசாபி என்ற பச்சை நிறக் கார விழுது ஏற்கெனவே மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். கைடென்சுஷிக் கடைகளில் பெரும்பாலும் தனியாகத் தருவார்கள். டியூபிலும் பொட்டலத்திலும் வருவது பெரும்பாலும் குதிரைமுள்ளங்கியும் கடுகும் பச்சை நிறமும் சேர்ந்தது. உண்மையான வசாபி ஓடும் குளிர்நீரில் வளரும் தண்டு. ஷிசுவோகாவின் இசுப் பகுதியிலும் நகானோவின் அசுமினோவிலும் பயிராகிறது. துருவியபின் கால் மணி நேரத்துக்குள் காரமும் மணமும் இறங்கிவிடுவதால் சாப்பிடும்போதுதான் துருவுவார்கள்.

சாப்ஸ்டிக்கில் உண்மையாகவே தவிர்க்க வேண்டியவை இரண்டு. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவது, தகனத்துக்குப்பின் எலும்பு எடுக்கும் சடங்கு. இந்த இரண்டும் பார்ப்பவர்களைச் சங்கடப்படுத்தும். மற்றபடி குச்சி பிடிக்கத் தெரியாததை யாரும் பொருட்படுத்துவதில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள்

ஜப்பானிய உணவில் சைவர்களை ஏமாற்றுவது கண்ணுக்குத் தெரியும் மீன் அல்ல, தாஷி. கடற்பாசியும் கட்சுவோபுஷி என்ற உலர்ந்த சூரைச் சீவலும் சேர்த்து இறக்கும் சாறு அது. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், சோபா நூடுல்ஸ் குழம்பு, தெம்புரா என்ற பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, முட்டை அடுக்கு, வெறும் கீரைப் பொரியல் போலத் தெரியும் கிண்ணம் என எல்லாவற்றிலும் இருக்கும். இனாரி சுஷியின் இனிப்பு டோஃபு உறையையும் அநேகமாகத் தாஷியில்தான் வேகவைப்பார்கள். ஓரளவு நம்பிச் சாப்பிடக்கூடியவை: கப்பா மகி (வெள்ளரிக்காய்ச் சுருள்), முள்ளங்கி ஊறுகாய்ச் சுருள், உமே என்ற புளிப்புப் பழ ஊறுகாயும் ஷிசோ இலையும் வைத்த சுருள், அவகாடோ, நத்தோ (புளிக்கவைத்த சோயா). நத்தோ பாக்கெட்டோடு வரும் சிறு சாறுப் பொட்டலத்தில் மீன் இருக்கும். அதை விட்டு வெறும் சோயா சாஸ் ஊற்றுங்கள்.

கடையில் சொல்ல: "நிகு மோ சகனா மோ தாபெமாசென். தாஷி மோ தாமே தெஸ்." இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன், தாஷியும் ஆகாது என்பது இதன் பொருள். முழுச் சைவ விருந்து வேண்டுமென்றால் கோயாசான் மலையின் கோயில் விடுதிகளில் ஷோஜின் ரியோரி கேளுங்கள். அங்கே தாஷியே கடற்பாசியிலும் உலர்ந்த ஷிடாகே காளானிலும்தான். மது தவிர்ப்பவர்கள் கவனிக்க: மிரின், சாகே என்ற அரிசி மதுக்கள் இரண்டும் பல சாறுகளில் உண்டு. கோதுமை ஒவ்வாதவர்களுக்குச் சாதாரண சோயா சாஸே ஆகாது.

வீட்டில்: முதலில் சோறு

குட்டை மணி ஜப்பானிய அரிசி வாங்குங்கள். கோஷிஹிகாரி சிறந்தது, கலிபோர்னியாவின் கால்ரோஸும் நன்றாக வரும். பொன்னியோ சோனா மசூரியோ பாஸ்மதியோ சரிப்படாது. அவற்றில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து கூடுதல், அதனால்தான் சோறு பொலபொலவென்று உதிர்கிறது. புழுங்கலான இட்லி அரிசி குண்டாக இருந்தாலும் உதவாது. தண்ணீரைக் கூட்டி ஒட்டவைக்கப் பார்த்தால் குழையுமே தவிர மணிமணியாக ஒட்டாது.

எட்டு மெல்லிய சுருளுக்கு அரிசி 300 கிராம் (180 மி.லி. கோப்பையில் இரண்டு). தண்ணீர் 360 மி.லி. சுஷி வினிகருக்கு: அரிசி வினிகர் 3 மேசைக்கரண்டி, சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. அரிசி வினிகர் இல்லையென்றால் ஆப்பிள் வினிகர் பரவாயில்லை. ஊறுகாய்க்கு விற்கும் செயற்கை வினிகர் வேண்டாம், மூக்கில் ஏறும்.

அரிசியை மூன்று நான்கு தண்ணீரில் மென்மையாகக் களையுங்கள். கசக்கினால் மணி உடைந்து கூழாகும். அரை மணி நேரம் ஊறவைத்து, சல்லடையில் நன்றாக வடித்து, அளந்த 360 மி.லி. தண்ணீரோடு அடிகனத்த பாத்திரத்தில் போடுங்கள். இருந்தால் ஐந்து சென்டிமீட்டர் கொம்புக் கடற்பாசித் துண்டு ஒன்றும் போடலாம். கொதி வந்ததும் எடுத்துவிடுங்கள். மூடி, நடுத்தரத் தீயில் கொதி வந்ததும் தீயை மிகக் குறைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அணைத்துவிட்டு, திறக்காமல் இன்னொரு பதினைந்து நிமிடம். விசில் வைக்கும் குக்கரில் சோறு எளிதில் குழைந்துவிடும். மின்சார ரைஸ் குக்கர் நன்றாக வேலை செய்யும்.

சோறு அடங்கும் நேரத்தில் வினிகர், சர்க்கரை, உப்பு மூன்றையும் லேசாகச் சூடாக்கிக் கரையுங்கள். கொதிக்கவிட்டால் புளிப்பும் மணமும் ஆவியாகிப் போகும். ஜப்பானில் ஹங்கிரி என்ற அகல மரத்தொட்டியில் கலப்பார்கள். மரம் மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வீட்டில் எவர்சில்வர் தாம்பாளம் போதும். பித்தளையும் அலுமினியமும் வினிகரோடு சேராது. சோற்றைச் சூடு ஆறுமுன் தாம்பாளத்தில் கொட்டி, வினிகரைப் பரவலாகத் தெளித்து, மரக்கரண்டியைச் சாய்த்து வெட்டுவது போலக் கீறிக் கீறிப் புரட்டுங்கள். கிண்டாதீர்கள். சூடான மணிதான் வினிகரை உள்ளே இழுக்கும். ஆறிய சோற்றில் ஊற்றினால் வெளியே நசநசவென்று நிற்கும். கலந்தபின் ஒரு விசிறியால் சில நிமிடம் வீசினால் மேல் ஈரம் போய் மணி பளபளக்கும். கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் மூடிவையுங்கள். பதம், வெண்பொங்கலுக்கும் உதிரிச் சோற்றுக்கும் நடுவில்: அழுத்தினால் ஒட்ட வேண்டும், மணி தனித்தனியாகத் தெரியவும் வேண்டும்.

இந்தச் சோற்றைப் பிரிஜ்ஜில் வைக்காதீர்கள். குளிரில் மாவுச்சத்து இறுகி மணி கட்டையாகிவிடும். நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள்.

சுருள் சுற்றுவது

முதல் முயற்சிக்கு நிகிரி வேண்டாம். கையால் கூம்பாகச் சுற்றும் தெமகிதான் எளிது: அரைத் தாள் நோரி, ஒரு பிடி சோறு, பிடித்த உள்ளீடு, சுற்றினால் தீர்ந்தது. சோற்றையும் உள்ளீடுகளையும் நடுவில் வைத்துவிட்டால் வீட்டார் அவரவர்க்கு வேண்டியதைச் சுற்றிச் சாப்பிடலாம். கை பழகியபின் ஹொசோமகி என்ற மெல்லிய சுருளுக்குப் போகலாம்.

1. முழு நோரித் தாள் 21க்கு 19 சென்டிமீட்டர். நீளப் பக்கத்தை நடுவில் வெட்டி அரைத் தாளாக்குங்கள். மூங்கில் பாயில், பளபளக்கும் பக்கம் கீழே, 19 சென்டிமீட்டர் விளிம்பு உங்களைப் பார்த்து இருக்கட்டும்.

2. தண்ணீரும் சிறிது வினிகரும் கலந்து கையை நனைத்துத் தட்டிவிடுங்கள். கை சொட்டச்சொட்ட இருந்தால் நோரி கிழியும், காய்ந்திருந்தால் சோறு விரலில் அப்பும்.

3. சுமார் 80 கிராம் சோற்றை எடுத்து, மேல் விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் விட்டுப் பரப்புங்கள். அடியில் நோரியின் கறுப்பு மங்கலாகத் தெரியும் கனம் போதும். அழுத்தித் தேய்க்காமல் விரல் நுனியால் தள்ளுங்கள்.

4. விதை நீக்கி ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கிய வெள்ளரிக்காயை நடுவில் வையுங்கள். வெள்ளரி ஈரமாக இருந்தால் துணியில் ஒற்றுங்கள். எள் தூவலாம்.

5. உள்ளீட்டை விரல்களால் பிடித்தபடி, உங்கள் பக்கச் சோற்று விளிம்பு எதிர்ப்பக்கச் சோற்று விளிம்பைத் தொடும்படி ஒரே வீச்சில் பாயைப் புரட்டுங்கள். பாயின் மேல் மெல்ல அழுத்தி, வெறும் நோரி ஓரம் அடியில் வரும்படி உருட்டி ஒரு நிமிடம் விடுங்கள். சோற்றின் ஈரத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

6. கத்தியை ஈரத்துணியில் துடைத்து, பாதியாக வெட்டி, இரண்டையும் சேர்த்துவைத்து மூன்று மூன்றாக, மொத்தம் ஆறு துண்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். அழுத்தாமல் நீளமாக இழுத்து வெட்டினால் சுருள் நசுங்காது.

சுருள் பிளந்தால் சோறு அதிகம். உள்ளீடு ஓரம் ஒதுங்கினால் புரட்டும்போது விரல் விலகியிருக்கும். நோரி சவ்வுபோல இழுத்தால் அது நமுத்துப்போனது; சிறு தீக்கு மேல் நொடிப் பொழுது காட்டினால் மொறுமொறுப்பு திரும்பும். நம்மூர்க் கடலோரக் காற்றில் பாக்கெட் திறந்த நோரி வெகு சீக்கிரம் நமுக்கும். காற்றுப்புகா டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள்.

உள்ளீடுக்கு இறால் என்றால், தோலோடு, வயிற்றுப் பக்கம் தலையிலிருந்து வால்வரை ஒரு மூங்கில் குச்சியைச் செருகி, உப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் வேகவைத்து ஐஸ் தண்ணீரில் போடுங்கள். குச்சி இல்லாவிட்டால் சுருண்டுவிடும். பிறகு தோல் நீக்கி, வயிற்றில் கீறி விரித்து, முதுகு நரம்பை எடுத்தால் கடையில் பார்க்கும் வடிவம் வந்துவிடும்.

பச்சை மீன்

இதில் சமரசம் கூடாது. மீன் புதிது என்பது வேறு, பச்சையாகச் சாப்பிடத் தக்கது என்பது வேறு. அன்று காலை காசிமேட்டில் வந்திறங்கிய மீனிலும் அனிசாகிஸ் புழு இருக்கலாம். வினிகரோ உப்போ வசாபியோ அதைக் கொல்வதில்லை. கொல்வது இரண்டு: நன்கு வேகவைப்பது, ஆழ் உறைவு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் அளவு, மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் உறையவைத்துப் 15 மணி நேரம். வீட்டு ஃப்ரீசர் பொதுவாக மைனஸ் 18ஐச் சுற்றித்தான் நிற்கும், கதவு திறக்கும்போதெல்லாம் ஏறும். அதை நம்ப முடியாது. ஜப்பானிலேயே சால்மனைப் பச்சையாகச் சாப்பிடும் வழக்கம் இருக்கவில்லை. 1980களில் நார்வே தன் பண்ணைச் சால்மனை அங்கே கொண்டுபோன பிறகே அது சுஷியின் மேல் ஏறியது.

ஆற்று மீனும் குளத்து மீனும் பச்சையாக ஒருபோதும் கூடாது. சூரை, கானாங்கெளுத்தி போன்றவை ஐஸ் இல்லாமல் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். அது வேகவைத்தாலும் போகாது; வாயில் மிளகு போலச் சுருக்கென்றால் உடனே துப்பிவிடுங்கள். 'சுஷி தரம்' என்ற சீட்டுக்கு அமெரிக்காவில் சட்ட வரையறை எதுவும் இல்லை. ஆகவே சீட்டைப் பார்க்காமல், எந்த மீன், எந்தக் குளிரில் எத்தனை நாள் உறையவைத்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் பச்சைக்கு வாங்காதீர்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் பச்சை மீனைத் தவிர்க்க வேண்டும்.

வாங்கக் கிடைத்தால், பிரிஜ்ஜுக்குள்ளேயே உறைவு நீக்கி, துணியில் ஒற்றி, சதையின் கோடுகளுக்குக் குறுக்காகச் சுமார் ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் ஒரே இழுப்பில் சீவுங்கள். அறுப்பது போல முன்னும் பின்னும் போனால் மேற்புறம் பிசிறும். நிகிரிக்குச் சோறு 15 முதல் 20 கிராம். கோலிகுண்டு போல இறுக்காமல், எடுத்தால் நிற்கும், வாயில் போட்டால் உதிரும் அளவுக்குப் பிடியுங்கள்.

கூட ஒரு மிசோ சூப்

ஒரு லிட்டர் தண்ணீரில் பத்துக் கிராம் கொம்பை அரை மணி ஊறவைத்து, மெல்லச் சூடாக்கி, கொதிக்கும் முன் எடுத்துவிடுங்கள். 20 கிராம் கட்சுவோபுஷி போட்டு அணைத்து, இரண்டு நிமிடத்தில் வடிகட்டுங்கள். சைவத்துக்கு, அதே கொம்போடு நான்கு உலர் ஷிடாகேயைக் குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்தால் போதும். 1908இல் வேதியியலாளர் இகேதா கிகுனாயே இந்தக் கொம்பிலிருந்துதான் குளுட்டமேட்டைப் பிரித்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். சூரையின் சத்தோ காளானின் சத்தோ அதோடு சேரும்போது சுவை பலமடங்கு ஏறும். டோஃபுவும் ஒரு சிட்டிகை உலர் வகமே கடற்பாசியும் போட்டுச் சூடாக்கி, தீயை அணைத்தபின் கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி மிசோவைக் கரையுங்கள். மிசோ போட்டபின் கொதித்தால் மணம் போய்விடும். வகமே பல மடங்கு ஊதும், கைநிறைய அள்ளிப் போடாதீர்கள்.

மிஞ்சிய சுருளில் பச்சை மீன் இருந்தால் அடுத்த நாளுக்கு வைக்காமல் தூக்கி எறிந்துவிடுங்கள். வெள்ளரி, முட்டைச் சுருள் என்றால் பிரிஜ்ஜில் மூடிவைத்து, மறுநாள் முட்டையில் தோய்த்துத் தோசைக்கல்லில் இருபுறமும் பொரித்தெடுங்கள். இறுகிய சோறு மறுபடி இளகிவிடும்.